பெங்களூருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பம் கன்னடம் கற்பது எப்படி? பிள்ளைக்கு ஒரு வழி, பெரியவருக்கு ஒரு வழி

ஓசூர் வழியாக லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் குடிவருகிற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். நாங்களும் அப்படித்தான் வந்தோம், திருநெல்வேலியிலிருந்து, மூன்று வயது மகளும் ஒன்பது வயது மகனுமாக. ஒரே வீடு, ஒரே தெரு. ஆனால் எங்கள் நான்கு பேருக்கும் கன்னடம் நான்கு விதமாக வந்தது. மகள் நான்கு மாதம் வாயே திறக்கவில்லை, அப்புறம் மடை திறந்ததுபோலப் பேசினாள். மகன் விளையாட்டு மைதானத்தில் சீக்கிரம் பிடித்துக்கொண்டான், பாடப் புத்தகத்தில் தடுமாறினான். நானும் கணவரும் ஒரு வருடத்தை வீணாக்கிய பிறகுதான் சரியான வழிக்கு வந்தோம். அந்த ஒரு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மொழி எப்படி வருகிறது என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு உதவுகிற அளவுக்கு எனக்குப் புரிந்தது இதுதான்: குழந்தைக்கு மொழி மனிதர்களோடு சேர்ந்து வரும், பெரியவருக்குக் கவனத்தாலும் செலவிடும் நேரத்தாலும் வரும். மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்து வார்த்தை மனப்பாடம் செய்யச் சொல்வதும் பலன் தராது, நாற்பது வயதில் நாம் "காதில் விழ விழத் தானாக வந்துவிடும்" என்று காத்திருப்பதும் பலன் தராது.

முதல் வேலை: வீட்டில் தமிழை விடாமல் இருப்பது

கன்னடம் கற்கும் கட்டுரையைத் தமிழில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். குடிவந்த முதல் மாதத்திலேயே யாராவது சொல்வார்கள்: "வீட்டிலயும் கன்னடமோ இங்கிலீஷோ பேசுங்க, இல்லன்னா பிள்ளை குழம்பிடும்." தயவுசெய்து கேட்காதீர்கள்.

குழந்தை குழம்புவதில்லை. என் மகள் ஒருநாள் "வீட்டல்லி பந்து இருக்கு" என்றாள். 'வீடு' தமிழ், 'அல்லி' கன்னடத்தின் வேற்றுமை உருபு, நம் 'இல்' மாதிரி. யாரும் அவளுக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. பேச்சு வெள்ளத்திலிருந்து 'அல்லி' என்ற துண்டைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதன் வேலை என்ன என்று கண்டுபிடித்து, தான் அறிந்த சொல்லோடு ஒட்டியிருக்கிறாள். எனக்கு அது பெரிய சாதனையாகப் பட்டது. கைவசம் இருக்கிற இரண்டு மொழியையும் வைத்து வேலையை முடிக்கிறது குழந்தை. வளர வளர எதை யாரிடம் பேசுவது என்று தானே பிரித்துக்கொள்ளும்.

பெற்றோர் தங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பிள்ளையிடம் பேசினால் பேச்சு சுருங்கிவிடும். "சாப்பிடு, வா, தூங்கு" என்பதோடு நின்றுவிடும். கதை, கோபம், சமாதானம், நூறு 'ஏன்' கேள்விகளுக்குப் பதில் எல்லாம் நமக்கு முழுதாக வருகிற மொழியில்தான் முடியும். அந்தப் பேச்சில் வளர்கிற அறிவு கன்னடத்துக்கும் போய்ச் சேரும். 'நேற்று', 'நாளை' என்ற கருத்து தமிழில் புரிந்த பிள்ளைக்கு 'நின்னெ', 'நாளெ' என்று இரண்டு பெயர்கள் கிடைத்தால் போதும்.

வீட்டு மொழியை விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் அன்னிக் டி ஹவுவர் செய்த ஆய்வைச் சொல்லலாம். வெவ்வேறு மொழி பேசும் 1,899 குடும்பங்களை அவர் பார்த்தார். 2007இல் முடிவுகள் வெளியாயின. ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் வீட்டின் சிறுபான்மை மொழியைப் பேசவே இல்லை. ஊர் மொழியை மட்டும் எல்லோரும் பேசினார்கள். பெங்களூரிலும் தெருவும் பள்ளியும் தங்கள் மொழியைத் தாங்களே கொடுத்துவிடும். தமிழைக் கொடுக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

பிள்ளை ஆறு வயதுக்குள் என்றால்: ஆட்களைத் தேடுங்கள்

கருவில் இருக்கும்போதே குழந்தை தாயின் குரலைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்து முதல் சில மாதங்களில் உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்தறியும். 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' இரண்டையும் கேட்க வைத்தார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. நமக்குப் 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் உள்ள வித்தியாசம் வெட்ட வெளிச்சம். அவர்கள் வீட்டில் அந்த வித்தியாசத்துக்கு வேலை இல்லாததால் காது அதைக் கைவிட்டுவிடுகிறது.

அந்தக் காதை எது திறந்து வைக்கும்? சியாட்டிலில் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை உட்கார்ந்து, படப் புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் மட்டும் கேட்ட குழந்தைகளுக்கு எந்தப் பலனும் இல்லை. கன்னடக் கார்ட்டூனைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று நானும் முதலில் நம்பினேன். திரை துணைக்கு வரலாம். பேசிப் பழகும் ஆளின் இடத்தை அது நிரப்பாது.

அதனால் செய்ய வேண்டியது எளிமையானது. கன்னடம் பேசும் ஒரு ஆள், வாரத்தில் பல நாள், ஒரே நேரத்தில், பிள்ளையோடு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். எங்களுக்குக் கீழ்வீட்டு அஜ்ஜி கிடைத்தார். அஜ்ஜி என்றால் பாட்டி. மாலையில் பூக்கட்டுவார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து பூவை எடுத்துக் கொடுப்பாள். 'ஹூவு கொடு', 'தாரா எல்லி?', 'சாக்கு, பா'. தாரா என்றால் நூல், எல்லி என்றால் எங்கே, சாக்கு என்றால் போதும், பா என்றால் வா. பூ கையில் இருக்கும்போது 'ஹூவு' என்ற சொல்லுக்கு விளக்கம் எதற்கு? உங்களுக்கு வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்காவோ, பூங்காவில் பார்க்கும் இன்னொரு தாயோ, பால்வாடி ஆயாவோ அமையலாம். அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளையிடம் தமிழுக்கு மாறாமல் கன்னடத்திலேயே பேசச் சொல்லுங்கள்.

அந்த மௌன மாதங்கள்

பெற்றோர் அதிகம் பயப்படுவது இங்கேதான். வீட்டில் வாயாடியாக இருக்கும் பிள்ளை, புதிய மொழி பேசும் மழலையர் பள்ளியில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பேசாது. தலையாட்டும், கை நீட்டும், மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்த்துச் செய்யும். இரண்டாம் மொழிக்குள் நுழையும் சிறு பிள்ளைகளில் பலருக்கு இந்தக் கட்டம் உண்டு. அந்த நேரம் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. என் மகள் குளிக்கும்போது தனியாகக் கன்னடம் முணுமுணுத்ததைக் கேட்ட அன்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த மாதங்களில் "கன்னடத்தில் சொல்லு பார்க்கலாம்" என்று விருந்தாளி முன் பரீட்சை வைக்காதீர்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே போய், வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறாள், இங்கே பேசக் கொஞ்ச நாள் ஆகும், கட்டாயப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டும், தண்ணீர் வேண்டும், வலிக்கிறது ஆகிய மூன்றை மட்டும் வீட்டில் சொல்லிப் பழக்கி அனுப்புங்கள்: 'டாய்லெட்டிகெ ஹோகபேக்கு', 'நீரு பேக்கு', 'நோய்த்தா இதெ'.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? பிள்ளை தமிழிலும் பேசாமல் இருந்தால். ஒன்றரை வயதுக்குப் பிறகும் சொல்லே வரவில்லை, இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது பரிசோதனை செய்யுங்கள். சொற்களை எண்ணும்போது தமிழ்ச் சொல், கன்னடச் சொல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணினால், இரண்டு மொழிப் பிள்ளை பின்தங்கியதுபோலத் தவறாகத் தெரியும்.

பள்ளிப் பிள்ளைக்கு: மைதானக் கன்னடம் வேறு, புத்தகக் கன்னடம் வேறு

என் மகன் ஆறு மாதத்தில் கிரிக்கெட் மைதானத்தில் சண்டை போடும் அளவுக்குக் கன்னடம் பேசினான். நாங்கள் பெருமைப்பட்டு அத்தோடு விட்டுவிட்டோம். அரையாண்டுத் தேர்வில் பத்தி படித்துப் பதில் எழுத முடியாமல் அழுதான். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்பவர் இதைத்தான் பல ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துச் சொன்னார்: அன்றாடப் பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும், பாடத்துக்குத் தேவையான மொழி உடன்படிக்கும் பிள்ளைகளின் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். பேச்சைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கச் சொல்கிறது. அதனால் பள்ளியில் சேர்க்கும் அன்றே கேளுங்கள்: கன்னடம் எத்தனையாவது மொழி, வெளி மாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு எந்த நிலையிலிருந்து தொடங்குவார்கள், தனி வகுப்பு உண்டா. அப்புறம் வீட்டில், அவன் வகுப்புக்கு இரண்டு மூன்று வகுப்பு கீழே உள்ள கதைப் புத்தகங்கள், தினம் ஒரு பக்கம், சத்தமாக. படித்ததைத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்ததா, வெறுமனே எழுத்துக் கூட்டினானா என்பது அப்போது தெரியும்.

இனி நம் முறை

"எனக்கு வயசாயிடுச்சு, இனிமே எங்க வரும்?" என்று சொல்லாதீர்கள். நெதர்லாந்துக்குக் குடிவந்த ஆங்கிலம் பேசுபவர்களைக் கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்னாகல்-ஹோலேவும் ஓர் ஆண்டு கவனித்து 1978இல் எழுதினார்கள். முதல் மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் பெரியவர்களும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுந்தான். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். நீண்ட காலத்தில், உச்சரிப்பிலும் இலக்கண நுணுக்கத்திலும், சிறு வயதில் தொடங்கியவர்கள் முந்துவார்கள் என்பது உண்மை. 2018இல் சுமார் 6.7 லட்சம் பேரின் விடைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, இலக்கணத்தை உள்வாங்கும் திறன் பதினேழு வயது வரை அவ்வளவாகக் குறைவதில்லை என்றது. ஆனால் நமக்கு வேண்டியது காய்கறிக் கடையிலும் பள்ளிக் கூட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் மரியாதையாகப் பேசுவது. அதற்கு வயது தடையே இல்லை.

தமிழருக்கு இன்னொரு பெரிய உதவி உண்டு. வாக்கிய அமைப்பு ஒன்றுதான். 'எனக்குக் கன்னடம் வராது' என்பது 'நனகெ கன்னட பரல்ல'. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காரும்.

முதல் வாரம் மூன்று வாக்கியம் போதும். 'நனகெ கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ' (கொஞ்சம் கொஞ்சம் வரும்). 'நிதானவாகி ஹேளி' (நிதானமாகச் சொல்லுங்கள்). 'இதக்கெ கன்னடதல்லி ஏனு ஹேள்த்தாரெ?' (இதற்குக் கன்னடத்தில் என்ன சொல்வார்கள்?). மூன்றாவது வாக்கியம்தான் சாவி. அதை வைத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனால், கடைக்காரரே ஆசிரியர்.

அப்புறம் ஒலி மாற்றம். இதை யாராவது முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தமிழில் 'ப'வில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் 'ஹ' ஆகும். பழைய கன்னடத்தில் இவையும் 'ப'வில் தொடங்கியவையே. பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து, பணம் ஹண, பெயர் ஹெசரு. சந்தையில் பாகற்காய் ஹாகலகாயி, பீர்க்கங்காய் ஹீரேகாயி. புடலங்காய் மட்டும் படவலகாயி, விதிக்கு அடங்காது. புது என்பதற்கு ஹொஸ. ஹொஸ ஊரு என்றால் புதூர், அதுதான் நம் ஓசூர். மாரத்தஹள்ளி, தாசரஹள்ளி என்று வருகிற 'ஹள்ளி'யும் நம் ஊர்ப் பெயர்களில் வரும் 'பள்ளி'தான்.

நம் 'வ' அங்கே 'ப' ஆகும். வா என்பது பா, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, விலை பெலெ, வெண்டைக்காய் பெண்டெகாயி. இந்தப் 'ப' பஸ்ஸில் வரும் ப. பல்லில் வரும் ப இல்லை. நம் சொல்லின் கடைசி 'ஐ' அங்கே 'எ': தலை தலெ, இலை எலெ. 'ழ' பெரும்பாலும் 'ள': மழை மளெ. வாழை என்ற சொல்லில் மூன்று விதியும் ஒன்றாக வேலை செய்து பாளெ ஆகிறது. சில இடத்தில் மாறியது தமிழ்தான். செவி என்பது அங்கே இன்னும் கிவி, சேரி கேரி. இந்த நாலைந்து விதி கையில் இருந்தால் கேட்கிற சொல்லில் பாதி பழைய உறவினர்போலத் தெரியும்.

தெரிந்த முகமாக வந்து ஏமாற்றும் சொற்களும் உண்டு. அதில் ஒன்று எனக்கு நஷ்டம் வைத்தது. குழந்தை மருத்துவரைப் பார்க்க நாள் கேட்டபோது 'முந்தின வார' என்றார்கள். போன வாரமே முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். கன்னடத்தில் முந்தின என்றால் முன்னால் வரப்போகிற, அதாவது அடுத்த. மெட்ரோவில் 'முந்தின நில்தாண' என்பது அடுத்த நிலையம். போன வாரத்துக்கு 'ஹிந்தின வார'. ஆட்டோக்காரர் 'ஈ கடெ' என்றால் இந்தப் பக்கம், கடை இல்லை. கடைக்கு 'அங்கடி', நம் பழைய அங்காடி. உணவகத்தில் சாரு கேட்டால் ரசம் வரும். 'பன்னி' என்று யாராவது அழைத்தால் முகம் சுளிக்க வேண்டாம், 'வாங்க' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். இந்த 'இ' விகுதியை உடனே பழகுங்கள்: ஹோகி (போங்க), நோடி (பாருங்க), கொடி (கொடுங்க), ஹேளி (சொல்லுங்க). மூத்தவரிடம் 'பா', 'கொடு' என்றால் நம் ஊரில் 'வா', 'கொடு' என்பதுபோலவே உறுத்தும்.

மூன்றாவது வாரத்தில் எழுத்தைத் தொடங்குங்கள். தமிழ் எழுத்தில் கன்னடம் எழுதிப் படித்தால் பஸ் 'ப'வும் பல் 'ப'வும் ஒன்றாகிவிடும். இந்தக் கட்டுரையிலும் அந்தக் குறை இருக்கிறது. நாளுக்கு நான்கு எழுத்து என்றால் இரண்டு வாரத்தில் அடிப்படை முடியும், உயிர்மெய்க் குறிகளுக்கு இன்னொரு வாரம். பயிற்சிக்குப் புத்தகம்கூட வேண்டாம். 2024 சட்டத் திருத்தத்தின்படி கடைப் பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். பேருந்து சிக்னலில் நிற்கும் நேரம் நான்கு பலகை படிக்கலாம்.

சொற்களை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிப்பதைவிடத் தினம் இருபது நிமிடம் நல்லது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவில் தங்கும் என்பதை 1885இலேயே ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹௌஸ் தன்னைத்தானே சோதித்துக் காட்டினார். இன்று படித்த பத்துச் சொல்லை நாளை, நான்கு நாள் கழித்து, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். தனிச் சொல்லாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதிவையுங்கள்.

எல்லோரும் தமிழிலேயே பதில் சொன்னால்

பெங்களூரில் கன்னடம் கற்பதற்கு இருக்கும் பெரிய தடை இதுதான். தட்டுத் தடுமாறி ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் நல்ல தமிழில் பதில் சொல்லிவிடுவார். அன்பால்தான் செய்கிறார்கள். நான் பத்து ஆண்டு இங்கே இருந்தும் கன்னடம் வராத தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு ஆர்வம் இருந்தது, பேச வாய்ப்புதான் கிடைக்கவில்லை.

ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் போடுங்கள். காவல்காரர், பூக்காரம்மா, அலுவலகத்தில் ஒரு தோழி, யாராக இருந்தாலும் சரி: "உங்களோடு நான் கன்னடத்தில் மட்டும்தான் பேசுவேன், நீங்களும் தமிழுக்கு மாறாதீர்கள்." தினம் ஐந்து நிமிடம். முதல் இரண்டு வாரம் பேச்சு நகராது. ஆறாவது வாரத்தில் அந்த ஆளிடம் தமிழில் பேசுவதே விசித்திரமாகத் தோன்றும்.

ஓரளவு வேலை நடந்துவிட்டால் நாம் அங்கேயே நின்றுவிடுவோம். சொல்வது புரிந்துவிடுகிறது, யாரும் திருத்துவதில்லை, தப்பு அப்படியே உறைந்துவிடும். மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இலேயே இந்த உறைதலைப் பற்றி எழுதினார். மருந்து: மாதத்துக்கு ஒரே ஒரு தவறை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் போட்ட ஆளிடம் அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். நான் முதல் மாதம் எடுத்தது 'பா', 'பன்னி' வேறுபாடு. எல்லாத் தவறையும் ஒரே நேரத்தில் திருத்தச் சொன்னால் வாய் அடைத்துப்போகும்.

கோடை விடுமுறை

ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கினால் சின்னப் பிள்ளையின் கன்னடம் மங்கிவிடும். வந்த வேகத்தில் போவதும் அந்த வயதின் இயல்பு. ஜூனில் பள்ளி திறந்ததும் சில நாள் மறுபடி மௌனமாக இருக்கும், பிறகு திரும்ப வரும். அந்த இடைவெளியைக் குறைக்க வாரத்துக்கு ஒருமுறை கன்னடம் பேசும் ஆளோடு போனில் பேசவையுங்கள். என்ன பேசுவது என்று முன்கூட்டியே கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 'ஊட்ட ஆய்த்தா?' (சாப்பாடு ஆச்சா?) என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் மகளின் கையில் ஒரு மாம்பழத்தைக் கொடுத்து வீடியோவில் அஜ்ஜியைக் கூப்பிட்டோம். 'மாவினஹண்ணு' என்று அஜ்ஜி தொடங்கியதும், அது யார் வீட்டு மரம், எத்தனை காய்த்தது, அணில் எதைக் கடித்தது என்று இருபது நிமிடம் போனது.